அறுவை சிகிச்சைக்குப் பிறகு கைக்குழந்தையோடு: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

கைக்குழந்தை உள்ள தாய்மார்களின் அறுவை சிகிச்சை குறித்து வாசகர்கள் எழுதிய கடிதங்களில் நான்கை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். பொது அறுவை சிகிச்சை மருத்துவர் என்ற முறையில் அன்றாடம் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளே இவை என்பதால், சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 28. மகளுக்கு நான்கு மாதம் முடிந்துவிட்டது. தாய்ப்பால் மட்டுமே குடிக்கிறாள். பிரசவத்துக்குப் பிறகு இரண்டு முறை இரவு நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே கடுமையான வலி வந்து முதுகு வரை பரவியது. வாயுத் தொல்லை என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துப் பார்த்தோம். பிறகு ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பையில் கற்கள் இருப்பது தெரிந்தது. வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை எடுத்துவிட வேண்டும் என்கிறார் டாக்டர். மயக்க மருந்து பாலில் இறங்கிவிடும், அதனால் மூன்று நாள் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட வேண்டும் என்று சொல்லி, என் மாமியார் பவுடர் பால் டின்னும் வாங்கி வைத்துவிட்டார். அப்படி நிறுத்தினால் பால் மறுபடி சுரக்குமா? குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா? வீட்டுக்கு வந்த பிறகு எத்தனை நாள் கழித்துக் குழந்தையைத் தூக்கலாம்?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: சகோதரி, முதலில் உங்கள் மனபாரத்தைக் குறைக்கிற செய்தியைச் சொல்லிவிடுகிறேன். மூன்று நாள் பாலைக் கொட்ட வேண்டிய அவசியம் இல்லை. ஒரு வேளைப் பாலைக்கூடக் கொட்ட வேண்டியதில்லை. இன்று பொதுவாகப் பயன்படுத்தப்படும் புரோப்போஃபால், செவோஃபுளூரேன், ஃபென்டனில் போன்ற மயக்க மருந்துகள் தாய்ப்பாலில் மிகமிகச் சிறிய அளவிலேயே சேர்கின்றன. அதிலும் ஒரு பகுதியே குழந்தையின் குடலிலிருந்து இரத்தத்துக்குப் போகிறது. தாய்க்கு நன்றாக நினைவு திரும்பி, குழந்தையைத் தானே பிடித்துக்கொள்ளும் தெளிவு வந்துவிட்டால் உடனே பால் கொடுக்கலாம் என்பதே உலகெங்கும் மயக்கவியல் மருத்துவர்கள் இன்று ஏற்றுக்கொண்ட நடைமுறை. பிரிட்டனின் மயக்கவியல் மருத்துவர் சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. உங்கள் மாமியார் சொல்வது அவர் காலத்தில் மருத்துவர்களே சொன்ன அறிவுரை என்பதால் அவர்மேல் வருத்தப்பட வேண்டாம். அறுவை சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனைக்குப் போகும்போது அவரையும் அழைத்துச் சென்று, மயக்க மருத்துவரின் வாயாலேயே கேட்கச் செய்யுங்கள்.

தள்ளிப்போடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் அதிகரிப்பதால் பித்தநீரில் கொழுப்பு கூடுகிறது. புரோஜெஸ்டிரோன் அதிகரிப்பதால் பித்தப்பை சுருங்கி விரியும் வேகம் மந்தமாகிறது. இவ்விரண்டும் சேர்ந்து கல் உருவாக வழிசெய்வதால், பிரசவத்தை ஒட்டிய மாதங்களில் இந்த வலியோடு வரும் இளந்தாய்மார்கள் பலர். வலியே தராமல் ஸ்கேனில் தற்செயலாகத் தென்பட்ட கல் என்றால் காத்திருக்கலாம். உங்களுக்கு இரண்டு முறை வலி வந்துவிட்டது. இப்படிப்பட்ட வலி திரும்பத் திரும்ப வரக்கூடியது. கல் ஒன்று நழுவிப் பித்தநாளத்தில் சிக்கிக்கொண்டால் மஞ்சள் காமாலையோ கணைய அழற்சியோ ஏற்படலாம். அப்போது குறித்த நாளில் நடக்க வேண்டிய, ஓரிரு நாளில் வீடு திரும்பக்கூடிய சிகிச்சை, நள்ளிரவில் அவசரமாக நடந்து, குழந்தையைப் பிரிந்து ஒரு வாரத்துக்கும் மேல் படுத்திருக்க வேண்டியதாக மாறிவிடும். ஆகவே ஒரு வயது வரை காத்திருக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

அறுவை சிகிச்சை நாளன்று செய்ய வேண்டியவை சில உண்டு. திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். வெறும் தண்ணீரைப் பொதுவாக 2 மணி நேரத்துக்கு முன்பு வரை குடிக்கலாம். பாலூட்டும் தாய் நெடுநேரம் நாவறண்டு கிடக்கக் கூடாது என்பதால், அன்றைய பட்டியலில் உங்கள் பெயரை முதலாவதாக வைக்க முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். தியேட்டருக்குள் போவதற்குச் சற்று முன்பு குழந்தைக்கு வயிறு நிறையப் பால் கொடுத்துவிடுங்கள். அதற்கு முந்தைய சில நாட்களில் சிறிது சிறிதாகப் பீய்ச்சி எடுத்த பாலை மூடியுள்ள சுத்தமான பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டியின் உட்பகுதியில் வைத்தால் 4 நாட்கள் வரை கெடாது. வெளியே வைத்தால், நம் ஊர் வெப்பத்தில் 4 மணி நேரத்துக்கு மேல் நம்ப வேண்டாம். அதைப் பாலாடையால் பாட்டி புகட்டலாம். பவுடர் டின்னைப் பிரிக்கத் தேவையே இருக்காது. பால் கட்டிக்கொள்ள விடாமல், மயக்கம் தெளிந்ததும் குழந்தையை மார்பில் போடுங்கள், அல்லது பீய்ச்சி விடுங்கள். பட்டினியாலும் அலைச்சலாலும் இரண்டொரு நாள் சுரப்பு குறைந்ததுபோலத் தோன்றலாம். குழந்தை அடிக்கடி உறிஞ்ச உறிஞ்ச அது தானாகவே பழைய நிலைக்கு வந்துவிடும்.

மாத்திரைகளைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்கிறார்கள், அது தவறு. வலியோடு இருக்கும் தாய்க்கு நிமிர்ந்து உட்காரவோ பாலூட்டவோ முடியாது. பாராசிட்டமால், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் ஆகியவற்றை மருத்துவர் சொன்ன அளவில் பாலூட்டும் தாய்மார் எடுத்துக்கொள்ளலாம். குறிப்பாக எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை கோடீன், டிரமடால் என்ற வலி மருந்துகள். சிலருடைய உடல் இவற்றை மிக விரைவாக வீரியமான பொருளாக மாற்றிவிடுவதால், குழந்தை மந்தமாகி மூச்சுவிடச் சிரமப்படலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் எச்சரித்தது. நம் மருத்துவமனைகளில் டிரமடால் ஊசி சர்வசாதாரணமாகப் போடப்படுகிறது. எனவே, "நான் தாய்ப்பால் கொடுக்கிறேன்" என்பதை உங்களுக்கு ஊசி போட வரும் ஒவ்வொருவரிடமும், முன்பே சொல்லியாயிற்றே என்று நினைக்காமல், சொல்லுங்கள். முதல் நாள் இரவு மருந்தின் மயக்கம் மிச்சமிருக்கலாம் என்பதால், பால் குடித்து முடித்ததும் குழந்தையைத் தனிப் படுக்கையில் கிடத்த விழித்திருக்கும் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

இனி, தூக்குவது. நம் வீடுகளில் நடப்பதைப் பார்த்து நான் வேதனைப்படும் இடம் இதுதான். நிறுத்தத் தேவையில்லாத பாலை நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தியே ஆக வேண்டிய வேலைகளை மட்டும் நான்காம் நாளே தாயின் தலையில் கட்டிவிடுகிறார்கள். வெளியே சின்னச் சின்னத் தழும்புகளாகத் தெரிந்தாலும், தொப்புள் அருகே உள்ள துளை வயிற்றுச் சுவரின் எல்லா அடுக்குகளையும் ஊடுருவிப் போடப்பட்டது. அது ஆறுவதற்குள் பாரம் தூக்கினால் அந்த இடத்தில் குடலிறக்கம் உண்டாகலாம். 4 மாதக் குழந்தை 6 கிலோவுக்கு மேலேயே இருப்பாள். என் நோயாளிகளுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் இரண்டு வாரம் குழந்தையை நீங்களாகத் தூக்கவே வேண்டாம், நீங்கள் முதலில் உட்கார்ந்துகொள்ளுங்கள், பிறகு யாராவது குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைக்கட்டும். அதன் பிறகு இடுப்பு உயரக் கட்டிலிலிருந்து, குழந்தையை முதலில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூச்சை வெளியே விட்டபடியே தூக்கலாம். தரையிலிருந்து தூக்குவதும், இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பதும் 6 வாரம் வரை கூடாது. உங்களைப் பரிசோதித்த மருத்துவர் இதைவிட நீண்ட காலம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

பாலூட்ட இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்துக்கொள்வது உங்களுக்குச் சுலபமாக இருக்கும், ஏனெனில் தையல்களில் சில வலப்பக்கம் இருக்கும். உட்கார்ந்து கொடுப்பதானால், குழந்தையின் கால்கள் உங்கள் கைக்கு அடியில் முதுகுப்புறம் போகும்படி பக்கவாட்டில் தலையணைமேல் வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் உதை விழாது. முதல் இரண்டு மூன்று நாட்கள் வலது தோள்பட்டையில் வலி வந்தால் திகைக்க வேண்டாம். சிகிச்சையின்போது வயிற்றுக்குள் செலுத்திய வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது அது. எழுந்து மெல்ல நடந்தால் குறையும்.

உணவைப் பொறுத்தவரை, பித்தநீரைச் சுரப்பது கல்லீரல்தான். பித்தப்பை அதைத் தேக்கி வைக்கும் பைதான். அது போன பிறகும் செரிமானம் நடக்கும். சில வாரங்களுக்கு எண்ணெய்ப் பலகாரங்களைக் குறைத்து, ஒரே வேளையில் நிறையச் சாப்பிடாமல் பிரித்துச் சாப்பிடுங்கள். பாலூட்டுகிறவர் என்பதால் பட்டினிப் பத்தியம் வேண்டாம்.

கேள்வி: சிசேரியன் ஆகி 12 நாட்கள் ஆகின்றன. தண்ணீர் அதிகம் குடித்தால் புண் ஆறாது, வயிறு பெருத்துவிடும் என்று சொல்லி எனக்கு அளந்து அளந்துதான் தண்ணீர் தருகிறார்கள். வயிற்றில் பழைய சேலையை இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். மலம் கழிக்கும்போது தையலே பிரிந்துவிடும்போல் இருக்கிறது. பத்தியத்தை மீறினால் குழந்தைக்கு ஆகாது என்கிறார் பாட்டி. எதைக் கேட்பது, எதை விடுவது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருமங்கலம்

பதில்: உங்களைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்பதற்கு ஒரு கணக்கைச் சொல்கிறேன். 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பிரசவங்களில் ஏறக்குறைய 45 விழுக்காடு சிசேரியன். அதாவது, கிட்டத்தட்ட இரண்டில் ஒரு தாய் பெரிய வயிற்று அறுவை சிகிச்சை முடிந்த கையோடு பிள்ளை வளர்க்கத் தொடங்குகிறாள். பெரும்பாலான பத்திய விதிகளோ சுகப்பிரசவத்தை மனத்தில் வைத்து உருவானவை.

தண்ணீரைக் கட்டுப்படுத்துவதை இன்றே கைவிடுங்கள். தண்ணீர் குடிப்பதற்கும் வயிறு பெருப்பதற்கும் தொடர்பில்லை. பாலூட்டும் உடலுக்குத் தண்ணீர் கூடுதலாகவே தேவை. போதாவிட்டால் மலம் இறுகும், முக்கினால் தையல் இழுபடும், சிறுநீர்த் தொற்றும் வரலாம். தாகம் தோன்றும்போதெல்லாம் குடிப்பதோடு, ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கட்டும். கீரை, வாழைத்தண்டு, கொய்யா, வாழைப்பழம் எதையும் ஒதுக்க வேண்டாம். அதற்கும் இளகவில்லை என்றால் லாக்டுலோஸ் திரவமோ இசப்கோல் உமியோ மருத்துவர் எழுதித் தருவார். இரண்டும் பாலூட்டும்போது எடுத்துக்கொள்ளக்கூடியவையே. மலம் கழிக்கும்போது ஒரு மடித்த துண்டைத் தையல்மேல் வைத்து உள்ளங்கையால் தாங்கிக்கொள்ளுங்கள். இருமல், தும்மல் வந்தாலும் இதையே செய்யுங்கள்.

பாட்டி சொல்லும் எல்லாவற்றையும் தள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் சாப்பிடலாம், நல்ல உணவுதான். நாற்பது நாள் ஓய்வு என்று வைத்தார்களே, அது முன்னோர் நமக்குத் தந்த பெரிய கொடை. ஆனால் அதே நாற்பது நாளில் மஞ்சளையோ தேங்காய் எண்ணெயையோ தையல்மேல் பூசுவது கிருமிக்கு வழிவிடும். தினமும் குளித்து, தையல் இருக்கும் மடிப்பைத் துடைத்து ஈரமில்லாமல் வைத்தாலே போதும். சாம்பிராணிப் புகை குழந்தையின் சிறிய நுரையீரலுக்கு ஆகாது; உங்களுக்கும் இருமலைக் கிளப்பித் தையலை இழுக்கும். சேலைக் கட்டை அவிழ்த்துவிடுங்கள். இறுக்கம் மேலே மூச்சையும் கீழே கர்ப்பப்பையைத் தாங்கும் தசைகளையும் அழுத்துகிறது. நடக்கும்போது பிடிப்பு வேண்டுமென்றால், இரண்டு விரல் உள்ளே போகும் அளவுக்குத் தளர்வான வயிற்றுப் பெல்ட் போதும்.

கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் குழந்தை தூளியில் தூங்குகிறதா? தூளியிலிருந்து பிள்ளையை எடுப்பதை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். துணி ஆடி விலகுகிறது. தாய் குனிந்து, ஒரு கையால் துணியை விலக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தன் உடம்பிலிருந்து தள்ளி உள்ளே நீட்டி, பள்ளத்தில் கிடக்கும் குழந்தையின் முழு எடையையும் ஒற்றைக் கையால் மேலே இழுக்கிறாள். அடிவயிற்றுத் தையலுக்கு இதைவிடக் கெடுதலான அசைவு வேறில்லை. குழந்தையைத் தூளியில் இடுவதும் எடுப்பதும் வேறொருவர் வேலையாக இருக்கட்டும். நீட்டிய கால்களில் குழந்தையைக் கிடத்திக் குளிப்பாட்டுவதும் அப்படியே, ஏனெனில் தரையில் அமர்ந்து எழுவதே உங்களுக்கு இப்போது ஆகாது. படுக்கையிலிருந்து நேராக எழுந்து உட்காராமல், முதலில் ஒருக்களித்து, கால்களைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழுங்கள். தையல் போட்ட சவ்வு 6 முதல் 8 வாரத்தில் தன் பழைய பலத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் எட்டும். மேலே தோல் ஒட்டிக்கொண்டதைப் பார்த்து உள்ளேயும் ஆறிவிட்டதாக எண்ண வேண்டாம்.

கேள்வி: எனக்கு 54 வயது. கர்ப்பப்பை இறக்கத்துக்காக அறுவை சிகிச்சை செய்து மூன்று வாரம் ஆகிறது. மகள் ஐ.டி. கம்பெனி வேலைக்குத் திரும்பிவிட்டதால் எட்டு மாதப் பேரனை நான்தான் பகலில் பார்த்துக்கொள்கிறேன். இப்போது உடம்பு தேறிவிட்டது. தூக்கச் சொல்லிக் கை நீட்டும் பிள்ளையை எப்படித் தூக்காமல் இருப்பது?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அம்மா, உங்கள் பாசம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் தூக்கக் கூடாது என்றுதான் சொல்வேன். உங்களுக்குச் செய்யப்பட்ட சிகிச்சையே, தளர்ந்து கீழிறங்கிய தசைகளையும் சவ்வுகளையும் மேலே இழுத்துத் தைத்தது. எட்டு மாதப் பிள்ளை 8 கிலோ இருப்பான். ஒவ்வொரு முறை அவனைத் தூக்கும்போதும் வயிற்றின் அழுத்தம் முழுவதும் அந்தத் தையல்மேல்தான் இறங்குகிறது. இறக்கம் மறுபடி வருவதற்கு இது காரணமாகலாம். குறைந்தது 6 வாரம், உங்களுக்குச் சிகிச்சை செய்த மருத்துவர் சொன்னால் 12 வாரம், பேரனையோ தண்ணீர்க் குடத்தையோ தூக்கக் கூடாது. மூன்றாம் வாரத்தில் உடம்பு தேறிவிட்டதாகத் தோன்றுவது வலி குறைந்ததால் வரும் எண்ணம்.

தவழும் பிள்ளையை, அவனைத் தூக்க முடியாத ஒருவரிடம் தனியாக விட்டுச் செல்வது பிள்ளைக்கும் பாதுகாப்பல்ல. அடுப்படிக்கோ வாசற்படிக்கோ அவன் தவழ்ந்து போனால் நீங்கள் தூக்கித்தான் ஆக வேண்டியிருக்கும். இதை உங்கள் மகளிடம் நேராகச் சொல்லுங்கள். சொல்லத் தயக்கமாக இருந்தால் இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுங்கள். இன்னும் சில வாரங்களுக்குப் பகலில் தூக்கி இறக்க ஒரு ஆள், அல்லது வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஏற்பாடு, இரண்டில் ஒன்றை அவரும் மருமகனும் செய்தே ஆக வேண்டும். நீங்கள் நாற்காலியில் அமர்ந்து, மடியில் வைத்துக் கதை சொல்லலாம், சோறு ஊட்டலாம். பிள்ளை அதற்கும் பழகிக்கொள்வான்.

கேள்வி: என் மனைவிக்கு அடுத்த வாரம் குடலிறக்க அறுவை சிகிச்சை. மகனுக்கு ஏழு மாதம். எங்கள் இருவர் வீட்டிலும் வந்து தங்கக்கூடிய பெரியவர்கள் இல்லை. எனக்கு ஒரு வாரம்தான் விடுப்பு கிடைக்கும். நான் என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?
— வாசகர், சென்னை

பதில்: தம்பி, கேட்டதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும், இந்தப் பகுதிக்குக் கணவர்கள் எழுதுவது அரிது. அந்த ஒரு வார விடுப்பு முழுவதையும் மருத்துவமனையிலேயே செலவழித்துவிடாதீர்கள். அங்கே செவிலியர்கள் இருப்பார்கள். உங்கள் தேவை அதிகம் இருப்பது வீடு திரும்பிய பிறகுதான். அறுவை சிகிச்சைக்கு முன்பே ஒரு கட்டிலைத் தயார் செய்யுங்கள். துணி, மருந்து, தண்ணீர் பிளாஸ்க், செல்போன் சார்ஜர் எல்லாம் அவர் குனியாமல், எட்டி இழுக்காமல் எடுக்கும்படி கட்டிலை ஒட்டிய மேசையில் இருக்க வேண்டும். இரவில் குழந்தை அழுதால் நீங்கள் எழுந்து, தூக்கிக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் கிடத்தி, குடித்து முடித்ததும் ஏப்பம் விடவைத்து, துணி மாற்றித் திரும்பப் படுக்க வைக்க வேண்டும். விடுப்பு முடிந்த பிறகும் இரவு வேலை உங்களுடையதே. பகலுக்கு, காலை முதல் மாலை வரை இருக்கும் ஒரு பெண்மணியை ஒரு மாதத்துக்காவது இப்போதே பேசி வையுங்கள். சமையலுக்கு ஆள் கிடைக்காவிட்டால் மெஸ் சாப்பாடு போதும், ஆனால் குழந்தையைத் தூக்க ஆள் இல்லாமல் முடியாது. ஏழு மாதம் என்பதால் மசித்த இட்லி, பருப்புச் சாதம் ஆகியவற்றை நீங்கள் ஊட்டிப் பழக்குங்கள்.

அவர் காரணமில்லாமல் அழுதாலும், இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலும் அதை அசதி என்று விட்டுவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பின் ஓராண்டுக்குள் மனச்சோர்வு வரக்கூடும்; அதற்குப் பாலூட்டும்போதே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகள் உள்ளன.

உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய அறிகுறிகளை எழுதிக் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டிவிடுங்கள். மற்ற மூன்று வாசகிகளின் வீட்டிலும் இதைச் செய்யலாம். 100.4 டிகிரியும் அதற்கு மேலும் காய்ச்சல், தையல் சிவந்து சூடாவது, சீழ் வருவது, நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி கூடுவது, நிற்காத வாந்தி, பித்தப்பை எடுத்தவர்களுக்குக் கண் மஞ்சளாவதும் சிறுநீர் அடர்நிறமாவதும், குடலிறக்கச் சிகிச்சை செய்தவர்களுக்குச் சிறுநீர் பிரியாமல் அடைத்துக்கொள்வது, மார்பில் ஓரிடம் கல்போல் இறுகிக் குளிர்காய்ச்சல் வருவது. ஒற்றைக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், காலின் உள்நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம் என்பதால் அன்றைக்கே காட்ட வேண்டும்; அத்தோடு திடீர் மூச்சுத் திணறலும் சேர்ந்தால், ஆட்டோ தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். குழந்தை வழக்கத்துக்கு மாறாக எழுப்பினாலும் எழாமல் தூங்கினாலோ பால் குடிக்க மறுத்தாலோ, தாய் அப்போது எடுத்துக்கொண்டிருக்கும் மருந்துச் சீட்டையும் கையில் எடுத்துக்கொண்டு, நேரம் பார்க்காமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள்.